நம்ம நாயில்லீங்க

ஏற்காட்டு மலையில் இருக்கிற வெள்ளக்கடையில் பெண் எடுப்பதுகூடச் சுலபம், மாரமங்கலம் சிவரஞ்சனியிடம் நாய்க்குட்டி எடுப்பதுதான் கஷ்டம் என்று டீக்கடை அன்வர் சொல்வான். அவன் பேச்சில் எப்போதும் பாதி கேலிதான். இந்த விஷயத்தில் மட்டும் முழுக்க உண்மை.

சிவரஞ்சனிக்கு மாரமங்கலம் போகிற வழியில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. அதோடு மைனா என்று ஒரு லேப்ரடார் பெட்டை. மைனா வருஷா வருஷம் குட்டி போடுகிற நாய் அல்ல. சேலத்துக்குக் கூட்டிப்போய், இடுப்பெலும்பை எக்ஸ்ரே எடுத்து, கண்ணைக் காட்டி, டாக்டர் சரி என்ற பிறகுதான் அதற்கு ஜோடி தேடுவார். பிறந்த குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருந்தாக வேண்டும். ஏற்காடு பார்க்க வந்தவர்கள் காரை நிறுத்தி, இப்போதே பணம் தருகிறோம், குட்டி கொடுங்கள் என்றால், ஏரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேருங்கள் என்று அனுப்பிவிடுவார். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று வாய் தவறிச் சொன்னவர்களுக்குக் குட்டியைக் கண்ணில் காட்டவும் மாட்டார்.

அப்படிப்பட்டவரிடம்தான் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் லூர்துராஜ் தன் மகள் ஷீனாவைக் கூட்டிக்கொண்டு போனார். ஷீனா ஏழாவது படிக்கிறாள். லேப்ரடார் குட்டி வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் கிளம்பியது மகள் கேட்டதற்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. அது ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வரும். ரைட்டர் பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். அந்த நாயின் பின்மண்டையைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் ஒரு ஆசை வந்துவிட்டது.

சிவரஞ்சனி அவர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? கட்டிப்போடுவீர்களா? ராத்திரி குட்டி அழுதால் யார் எழுந்து பார்ப்பது? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? ஒருவேளை வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, திரும்ப என்னிடமே கொண்டு வர வேண்டும், சம்மதமா? எல்லாவற்றுக்கும் ரைட்டர் தலையை ஆட்டிப் பதில் சொன்னார். முன்னால் நாய் வளர்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, இல்லீங்க, இதுதான் முதல் நாய் என்றார். ஷீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் மஞ்சள் நிறக் குட்டி ஒன்று அவள் செருப்பு வாரைக் கடிக்க ஆரம்பித்துவிட்டதால் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள்.

கடைசியில் சிவரஞ்சனி சொன்னதைத்தான் ரைட்டர் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறேன், அதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிப்பேன், தப்பாக நினைக்கக்கூடாது என்றிருந்தார் அவர்.

வீடு பார்ப்பது, விசாரிப்பது. இந்த இரண்டு வார்த்தையும் சேர்ந்து காதில் விழுந்தால் நம் ஊரில் யாருக்கும் கை கால் ஓடாது. ரைட்டருக்கும் ஓடவில்லை. அவர் தங்கைக்கு வரன் பார்த்தபோது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், பக்கத்து வீட்டு சோபாவை இரவல் வாங்கிப் போட்டார்கள், குடிக்கிற சித்தப்பாவுக்குப் பஸ் செலவுக்குக் காசு கொடுத்து இரண்டு நாள் ஆத்தூருக்கு அனுப்பி வைத்தார்கள். சம்பந்தம் கைகூடியது. அதனால் வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. வேலிக்கு மூங்கில் கட்டியாயிற்று. அன்வர் கடையிலிருந்து நல்ல நாற்காலி இரண்டு இரவல் வாங்கிப் போட்டாயிற்று. மீதி இருந்தது சித்தப்பா மட்டும்தான்.

அந்த வீட்டில் சித்தப்பா இடத்தில் இருந்தது தொப்பி.

தொப்பி ஒரு தெருநாய். உடம்பெல்லாம் வெள்ளை, நடுமண்டையில் மட்டும் கறுப்பு. அதனால் அந்தப் பெயர். ஒரு மழைக்காலத்தில் குவார்ட்டர்ஸ் பக்கம் வந்து விறகு அடுக்கின் கீழே படுத்தது, அப்புறம் போகவில்லை. ஒரு காது கிழிந்து தொங்கும். இடுப்பில் சொறி வந்து முடி கொட்டிய இடம் இன்னும் மொட்டையாகத்தான் இருந்தது. ரைட்டரின் மனைவி புஷ்பலதா அதற்கென்று ஒரு ஈயத்தட்டு வைத்திருந்தாள். கருத்தடை முகாம் வந்தபோது மடியில் தூக்கி வைத்துக்கொண்டு போய்வந்தவளும் அவள்தான். காலையில் ஷீனாவோடு பஸ் ஸ்டாப் வரை போய், அவள் ஏறின பஸ் வளைவு திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத் தொப்பி தனியாகத் திரும்பி வரும். சாயங்காலம் ரைட்டர் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து அந்தச் சொறியில் தடவுவார். அது கண்ணை மூடிக்கொண்டு காட்டும்.

இத்தனையும் செய்கிற மனிதர், யாராவது உங்கள் நாயா என்று கேட்டால் மட்டும், நம்ம நாயில்லீங்க, சும்மா வந்து கெடக்குது என்பார். அப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருந்தது. அது யாரையாவது கடித்தால் பொறுப்பில்லை, காணாமல் போனால் தேட வேண்டியதில்லை, மேனேஜர் முகம் சுளித்தால் விரட்டுவது போலக் கல்லை எடுத்துக் காட்டலாம். அவர் கல்லை எடுக்கும்போதும் தொப்பி வாலை ஆட்டும். அவர் எறியமாட்டார் என்று அதற்குத் தெரியும்.

இந்தச் சொறிநாயை வாசலில் வைத்துக்கொண்டு ஜாதி நாய் கொடுக்கிற அம்மாவை வீட்டுக்குள் எப்படி வரச் சொல்வது? குட்டிக்கும் சொறி ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பார். இவர்கள் நாய் வளர்க்கிற லட்சணம் இதுதானா என்று நினைப்பார். ரைட்டர் இரண்டு ராத்திரி புரண்டு படுத்தார். வியாழக்கிழமை எஸ்டேட் வேலையாக அடிவாரத்துக் குப்பனூர் வழியாகச் சேலம் போக வேண்டியிருந்தது. டிரைவருக்கு லீவு. ஜீப்பை அவரே எடுத்தார்.

விறகு அடுக்கின் பக்கம் நின்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவைதான் கூப்பிட்டார். தொப்பி ஜீப்பில் ஏறினதே கிடையாது. கூப்பிட்டதும் ஒரே தாவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேனேஜர் நாய் உட்காருகிற அதே சீட். புஷ்பலதா சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். கீழே குப்பனூரில் கசாப்புக் கடை இருக்கிறது, இங்கே இருப்பதை விட நன்றாகப் பிழைத்துக்கொள்ளும் என்றார். ஷீனாவிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். தெருநாய்தானே, எங்கேயோ போய்விட்டது என்று சொல்லு என்றார். அவள் ஜன்னலிலேயே நின்றாள். குட்டி வரப்போகிற சந்தோஷத்தில் மகள் மறந்துவிடுவாள் என்று அவளும் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம்.

வழியெல்லாம் தொப்பி ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. வளைவுக்கு வளைவு அவர் மேல் சாய்ந்து விழுந்து, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. குப்பனூரில் இறங்கி, பஸ் நிழற்கூடத்துக்கு எதிரிலிருந்த பெட்டிக்கடையில் ஒரு பன் வாங்கி அதன் முன்னால் போட்டார். அது குனிந்து தின்ன ஆரம்பித்ததும் ஜீப்பில் ஏறிக் கிளம்பிவிட்டார். கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று நினைத்தார். பார்த்தார். தொப்பி பன்னை வாயில் வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடி வந்து, பிறகு நின்றது. அவர் ஏதோ வேலையாகப் போகிறார், திரும்பி வருவார் என்று நினைத்துக்கொண்டது போல அங்கேயே உட்கார்ந்தது. திரும்பும்போது அவர் அந்த வழியே வரவில்லை. பெரிய ரோடு வழியாக ஏறி வந்தார்.

சித்தப்பாவுக்காவது போகிற இடத்தில் ஒரு வீடு இருந்தது, இரண்டு நாளில் திரும்பி வரவும் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஷீனா காப்பித் தோட்டத்துக்குள் போய்த் தொப்பி, தொப்பி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை சிறுத்தை தூக்கியிருக்குமோ என்று கேட்டாள். ரைட்டர் வேலி மூங்கிலைச் சரிபார்த்துக்கொண்டே, அதெல்லாம் இருக்காது, எங்கேயாவது சுற்றிவிட்டுத் தானே வந்துவிடும் என்றார். அவள் ஈயத்தட்டில் சோறு வைத்து மூடி வைத்தாள். மறுநாள் வீடு பார்க்க வருவார்களே என்று புஷ்பலதா அந்தத் தட்டை எடுத்துக் கழுவிப் பரண்மேல் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் காத்திருந்தார்கள். சிவரஞ்சனி ஸ்கூட்டரில் வந்தார். முன்னால் ஒரு கூடை. கூடையில் துணி போட்டு, அதே மஞ்சள் குட்டி. ஷீனா மூச்சு விட மறந்து நின்றாள். ரைட்டருக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. சும்மா வீடு மட்டும் பார்க்க வருகிறவர் குட்டியோடு வரமாட்டார் அல்லவா?

நாற்காலியில் உட்கார்ந்தார். புஷ்பலதா கொண்டுவந்து வைத்த கேசரியை ஒரு வாய் சாப்பிட்டார். வேலி நன்றாக இருக்கிறது என்றார். குட்டியை எடுத்து ஷீனாவின் மடியில் வைத்தார். ஷீனா அதைத் தொடுவதா வேண்டாமா என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். குட்டி அவள் கட்டை விரலைச் சப்ப ஆரம்பித்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் ரைட்டர் நினைத்தார்.

சிவரஞ்சனி விறகு அடுக்கின் பக்கம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார்.

"அவன் எங்கீங்க?"

எவன் என்று ரைட்டர் கேட்டார்.

"மண்டையில கறுப்பா இருக்குமே, அந்தப் பையன்."

ரைட்டருக்கு வாய் தானாகவே திறந்துகொண்டது. இத்தனை நாள் பழக்கம். "அது நம்ம நாயில்லீங்க. சும்மா வந்து கெடந்துச்சு."

சிவரஞ்சனி சிரித்தார். அன்வரும் அதையேதான் சொன்னான் என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வெள்ளக்கடைக்கு வந்து அன்வர் கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். விசாரிக்கத்தான். ஷீனாவின் பின்னால் அந்த நாய் நடந்து வந்ததைப் பார்த்தாராம். பஸ் போன பிறகு நாய் திரும்பியதும் பின்னாலேயே நடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, புஷ்பலதா தட்டில் சோறு போட்டதைப் பார்த்தாராம். சாயங்காலம் திரும்பிப் போகிறபோது இன்னொரு தடவை நின்றாராம். அப்போது ரைட்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மருந்து தடவிக்கொண்டிருந்தாராம்.

"எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் நல்லாத்தானுங்க பேசுவாங்க. காசு குடுத்து வாங்குற நாயை எல்லாரும்தான் நல்லா பாத்துக்குவாங்க. நம்முளுது இல்லைன்னு சொல்லிக்கிட்டே ஒரு சொறிநாயை இப்புடிப் பாத்துக்குற ஊட்டை நான் கண்டதில்லீங்க. குட்டி இங்கதான்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு வந்தது ஊடு பாக்க இல்லீங்க, குட்டியை உட்டுட்டுப் போவத்தான். குட்டியும் பெருசுகிட்டதான நல்ல பழக்கம் கத்துக்கோணும்."

அவர் சொல்லச் சொல்ல ரைட்டரின் காது மடல் சூடேறியது. புதுச் சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியது. இரவல் நாற்காலியின் விளிம்பை விரலால் சுரண்டிக்கொண்டு, "எங்கியோ போயிருக்குதுங்க, வந்துரும்" என்றார்.

"குப்பனூர்ல கொண்டு போயி உட்டுட்டு வந்துட்டாருங்க" என்றாள் புஷ்பலதா. கதவோரம் நின்றிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்க வர்றீங்கன்னுதான். நானும் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

ஷீனா மடியில் குட்டியோடு அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை, திட்டியிருப்பார். அவள் யாரோ வீட்டுக்கு வந்த வெளி ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். இரண்டு நாள் அவள் தோட்டம் தோட்டமாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததையும், அவர் அருகில் நின்று மூங்கிலைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததையும் இப்போது சேர்த்துப் பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சிவரஞ்சனி கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து போய் ஷீனாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தப்பா நெனைக்காத கண்ணு, உன் மேல ஒண்ணும் இல்லை என்று சொல்லிக் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். குட்டி ஷீனாவின் விரலை விட மனசில்லாமல் பல்லால் பிடித்துக்கொண்டே வந்தது.

ரைட்டர் எழுந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். குழந்தை ஆசைப்பட்டாள், அதனால்தான் என்று.

"இதுக்கும் ஒரு நாள் சொறி வருமுங்க ரைட்டரே" என்றார் சிவரஞ்சனி. "காது கிழியும், முடி கொட்டும், வயசாவும். அன்னைக்கு உங்க ஊட்டுக்கு யாரு வர்றாங்களோ, எனக்கெப்படித் தெரியும்?"

திட்டவில்லை. அந்தக் குரலில் கோபமும் இல்லை. தான் ஏமாந்துவிட்டோமே என்ற சலிப்புத்தான் இருந்தது. கூடையில் குட்டியை வைத்துத் துணியால் போர்த்திக்கொண்டு போய்விட்டார். ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்தது. பிறகு ஷீனா உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்து ஈயத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குப்பனூர் போலாம்" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

எஸ்டேட் ஜீப் ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. அன்வரிடம் ஒரு ஆம்னி வேன் இருக்கிறது. என்ன ஏது என்று அன்வர் கேட்டான். புஷ்பலதா ஒளிக்காமல் சொன்னாள். வாய் ஓயாத அன்வர் அன்று ஒரு கேலியும் பேசாமல் கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தான். ரைட்டருக்கு அது திட்டு வாங்கியதை விட மோசமாக இருந்தது.

குப்பனூரில் நிழற்கூடம் காலியாக இருந்தது. ரைட்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்து டீக்கடைப் பெண்ணிடம் போய், மண்டையில் கறுப்பு இருக்கிற வெள்ளை நாய் ஒன்று என்று தொடங்கினார். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"வியாழக்கெழமையில இருந்து இங்கதான் கெடக்குது. பிஸ்கட் போட்டாத் திங்கமாட்டேங்குது. ஜீப்புச் சத்தம் கேட்டாப் போதும், எந்திரிச்சு ரோட்டுக்கு ஓடிருது. அடிபட்டுச் சாவப்போவுதுன்னு நான்தான் கொல்லையில கட்டிப்போட்டேன். எவனோ வண்டியில கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டான் பாவி." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "யாரு நாய்ங்க அது, உங்களுதா?"

வழக்கமான பதில் தொண்டை வரை வந்தது. பின்னால் மகள் ஈயத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க நாயிங்க" என்றார். "நான்தான் உட்டுட்டுப் போனேன்."

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கொல்லைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

தொப்பி ஓடி வந்தது. ஷீனா கீழே உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அது அவளைத் தாண்டி நேராக ரைட்டரிடம் வந்தது. முன்னங்கால் இரண்டையும் அவர் சட்டையில் வைத்து, எட்டின இடமெல்லாம் நக்கி, வால் மட்டும் போதாமல் இடுப்போடு சேர்த்து ஆட்டி, முனகியது. எங்கே போய்விட்டாய், எவ்வளவு நேரம் என்று கேட்பது போலத்தான் இருந்தது, குற்றம் சொல்வது போல இல்லை. ஒரு கடி கடித்திருந்தால் தேவலை என்று ரைட்டர் நினைத்தார். மனிதர்கள் மத்தியில் நின்றுகொண்டு அவரால் அழவும் முடியவில்லை.

தட்டில் போட்ட சோற்றைத் தொப்பி ஒரு பருக்கை விடாமல் தின்றது. அன்வர் வேன் கதவைத் திறந்தான். ரைட்டர் உள்ளே உட்கார்ந்து, தொப்பி, வாடா என்றார்.

தொப்பி வாலை ஆட்டியது. ஏறவில்லை.

ஷீனா கூப்பிட்டாள். கதவு வரை வந்தது, உள்ளே முகர்ந்து பார்த்தது, பின்வாங்கியது. ரைட்டர் இறங்கி அதைத் தூக்கப் போனார். அவர் கையில் இருக்கும்வரை சும்மா இருந்தது. வண்டிக்குள் கொண்டுபோன உடனே உடம்பெல்லாம் நடுங்கி, அவர் மேலேயே மூத்திரம் விட்டுவிட்டது. கீழே விட்டார். மறுபடி வாலை ஆட்டியது. ஆள் மேல் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை, வண்டியில்தான் ஏறாது. ஒரு தடவை ஏறினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"கட்டித் தூக்கிப் போட்டுக்கலாமாண்ணா?" என்றான் அன்வர்.

வேண்டாம் என்றார். நீங்கள் போங்கள், நான் இவனைக் கூட்டிக்கொண்டு நடந்து வருகிறேன் என்றார். புஷ்பலதா ஏறிக்கொண்டாள். ஷீனா வேனில் ஏறவில்லை. அவரோடு நடந்தாள் என்று சொல்ல முடியாது, தொப்பியோடு நடந்தாள். ரைட்டர் பின்னால் வந்தார். ஐந்தாறு வளைவுக்கு மேல் அவளுக்குச் செருப்பு கடித்தது, கூடவே ஊர்ந்து வந்த வேனில் ஏறிக்கொண்டாள். வேன் முன்னால் போய்விட்டது. பிறகு ரைட்டரும் நாயும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ரோட்டில் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் ஏறி வர முடியாது. சேலத்தில் சாமான் வாங்கிக்கொண்டு எஸ்டேட் ஆட்கள் டூவீலரில் வந்தார்கள். ரைட்டர் நடந்து போவதைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார்கள். வேர்த்து ஒழுகுகிற சட்டை, அதில் நாய் மூத்திரக் கறை. என்னாச்சுங்க, வண்டி கெட்டுப்போச்சுங்களா, ஏறிக்கோங்க என்றார்கள். வேண்டாம் என்றார். இது யாரு நாய் என்றார்கள். எங்க நாயி என்றார். இதற்கு முன்னால் இல்லை என்பீர்களே என்று ஒருவன் கேட்டே விட்டான். அவன் பெயரைத் தினம் மஸ்டர் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவர் ரைட்டர்தான். அவன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலே ஒரு வளைவில் பஸ் நின்றது. தெரிந்த கண்டக்டர், படியில் தொங்கிக்கொண்டே, "ஏனுங்க ரைட்டரே, நாயைக் கூட்டிக்கிட்டு வாக்கிங்கா?" என்றான். ஜன்னலெல்லாம் தலை. பாவசங்கீர்த்தனம் என்றால் சாமியார் ஒருவர் காதில் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இங்கே ஒரு பஸ் காது. ரைட்டர் நின்றார். "நான் குப்பனூர்ல உட்டுட்டுப் போயிட்டேனுங்க. வண்டியில ஏறமாட்டேங்குது. அதான் நடக்குறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் போன பிறகு அந்தப் புகையில் நாயும் அவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். தொப்பி அவர் முழங்காலில் மூக்கை ஒருமுறை வைத்துவிட்டு முன்னால் நடந்தது. களைத்துப்போய் அவர் பின்தங்கினபோதெல்லாம் நின்று, திரும்பிப் பார்த்து, அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அது நடந்தது. அதற்குத்தான் அவருக்கு அழுகை வந்தது. பொழுது சாயும் நேரம், பனி இறங்க ஆரம்பித்திருந்தது, யாரும் பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. மைனாவின் குட்டிகள் எல்லாம் ஒவ்வொரு வீடாகப் போய்விட்டன, அந்த மஞ்சள் குட்டியைத் தவிர. அதைச் சிவரஞ்சனி யாருக்கும் கொடுக்கவில்லை. அன்வர் சொல்லிக் கேட்டிருப்பார் போல, போன வாரம் அவரே போன் செய்தார். புஷ்பலதாதான் எடுத்தாள். ரைட்டர் பக்கத்தில் நின்றிருந்தார். குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"வண்டியில ஏறுறானா?"

இன்னும் இல்லீங்க என்றாள் புஷ்பலதா.

"ஏறட்டும். ஏறுன அன்னைக்குக் கூப்புடுங்க."

அதனால் இப்போது தினம் சாயங்காலம் வேலை முடிந்ததும் ரைட்டர் எஸ்டேட் ஜீப்பைக் குவார்ட்டர்ஸ் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். இன்ஜினை அணைத்துவிடுகிறார். முன்சீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்து போகிற ஆட்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எல்லோருக்கும் விஷயம் தெரியும். முதலில் நின்று பார்த்தார்கள், இப்போது தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். ஷீனா விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள், ஆனால் அந்த நேரத்தில் மட்டும் பேசமாட்டாள். அவர் தொப்பி என்று ஒரு தடவை கூப்பிடுகிறார். தொப்பி எழுந்து, கதவு வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. ஏறுவதில்லை.